அம்மா துரு ஏற்றிய துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவனும் இல்லை, அதனால் சொல்வதும் இல்லை. அது சுடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்; விசைக் குதிரை இறுகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் காணும் பொங்கலன்று எங்கள் ஊர்ச் சாமி பாரிவேட்டைக்குப் போகும்போது, பல்லக்குக்கு முன்னால் அதை ஏந்திப் போகிற உரிமை எங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான். மலையடிவாரத்தில் அப்பா அதை உயர்த்திப் பிடிப்பார். பின்னால் ஒருவர் நாட்டு வெடி கொளுத்துவார். முயல் விழுந்ததென்று ஊரே கூவும். அப்பாதான் சுடுகிறார் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்தத் துப்பாக்கியைப் பெண்கள் தொடக்கூடாது என்று ஊரில் ஒரு கட்டு உண்டு.

எழுபதுகளின் கடைசி. நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்த அம்மா, பரணில் துப்பாக்கியைச் சுற்றி வைத்திருந்த துணிச் சுருளைப் பிரித்தாள். அப்பா டவுனில் தேரடிப் பக்கம் சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போயிருந்தார். கறை பிடித்தாற்போல் பழுப்பாகக் கிடந்த குழாய் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பூசைச் சாமான்களோடு சேர்த்து, புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டாள். குழாய் வெள்ளி போல மின்னியது. அதில் ஒரு பூங்கொடி செதுக்கியிருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“சொல்லாதடா. உங்கப்பா பாத்து அசந்துடுவாரு” என்றாள்.

அப்பா அசந்துதான் போனார். சோறு வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

மறுநாள் துப்பாக்கியைக் கோயிலில் வைத்துப் பூசை போட வேண்டும். வேறு வழியில்லாமல் எடுத்துப் போனார், நானும் கூடப் போனேன். ஊர் நாட்டாமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்மளுது இல்லியே. பழச எங்கடா தள்ளின? டவுன் ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரனுக்கு வித்துட்டியா?”

“அதேதாங்க. பிடிக்கட்டையப் பாருங்க.”

“கட்டைய கழட்டி மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?”

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா...” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கைவரிசையை ஊருக்குச் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை. அப்பாவின் கை என் பிடரியில் அழுத்தமாக இறங்கியது.

“நான்தாங்க தேச்சேன். புளி போட்டு” என்றார்.

கோயிலே சிரித்தது. “பாத்திரம் தேய்க்க எப்பப்பா கத்துகினே? எங்க ஊட்டுக்கும் வாயேன்” என்றார் ஒருவர். நாட்டாமை மட்டும் சிரிக்கவில்லை. வேட்டைக்குள் பழைய நிறம் வந்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அம்மா செய்ததை அப்பா தன் பேரில் எழுதிக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பழுப்பு, அழுக்கு இல்லை, பதமாக ஏற்றிய துருதான் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. உப்புத் தண்ணீர் தடவினார். காலையில் பார்த்தால் குழாயெங்கும் தேமல் பிடித்தாற்போல் திட்டுத் திட்டாக இருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“துருதானே வேணும்? நம்ம அருவாமணைக்கு நான் வேணாம்னாலும் வருது” என்றாள் அம்மா. “எண்ணெப் பிசுக்கு மேல தடவினா எப்பிடிங்க பிடிக்கும்? குடுங்க இப்பிடி.”

அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்தார்.

அம்மா திட்டுகளைத் தேய்த்தெடுத்து, சீயக்காய் போட்டுக் குழாயை அலசினாள். பிறகு அதை விரலால் தொடவே இல்லை, துணியால்தான் பிடித்தாள். உப்புத் தண்ணீரை மெல்லிசாக ஒற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரக்காற்றில் தொங்கவிட்டாள். காலையில் மஞ்சள் பூசினாற்போல் சீராகத் துரு பூத்திருந்தது. அதை வெந்நீரில் போட்டு எடுத்து, தேங்காய் நாரால் இதமாகத் தேய்த்தாள். மறுபடி உப்பு, மறுபடி ஈரம், மறுபடி வெந்நீர். வாழ்நாளெல்லாம் துருவோடு சண்டை போட்டவள், அதைக் கைக்குழந்தை போல வளர்த்தாள். மஞ்சள் செங்காவியானது, செங்காவி நாளுக்கு நாள் இறுகி, போகிக்குள் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்து நின்றது. கடைசியில் நல்லெண்ணெய் தடவித் துடைத்தபோது, பூங்கொடி அந்த நிறத்துக்குள் பதுங்கிக்கொண்டது. அப்பா அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

வேட்டையன்று நாட்டாமையும் பார்த்தார். “இதான்டா நம்மளுது! கைவேலக்காரன்டா நீ!” என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா சிரித்துக்கொண்டார். அதற்கும் எனக்குக் கோபம். ஆனாலும் மேளத்துக்கும் பல்லக்குக்கும் முன்னால் அவர் துப்பாக்கியை ஏந்தி நடந்தபோது, பக்கத்தில் நடந்த என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள். அங்கே அப்பா நின்றுவிட்டார். தலைக்கு மேல் பிடித்திருந்த துப்பாக்கியை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அவளுக்கு நேரே நீட்டிப் பிடித்தார். கற்பூர வெளிச்சம் குழாயில் பழுப்பாக ஓடியது. அம்மா அதைத் தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். மேளக்காரர் திரும்பிப் பார்த்த பிறகுதான் அப்பா நகர்ந்தார்.

“ஏம்பா நம்ம வீட்டாண்ட நின்னுட்ட?” என்று பிறகு கேட்டேன்.

“கை வலிச்சுதுடா.”

நம்பிவிட்டேன். பாவம், கனமான துப்பாக்கி என்று அவர் கையைப் பிடித்துவிடக்கூடச் செய்தேன்.

இப்போது அதை நான்தான் ஏந்திப் போகிறேன். ஒரு சொம்புத் தண்ணீர் கனம்தான் இருக்கும்.