எலும்பு ஐஸ் போட்ட கோடை

ஐஸ் கம்பெனி வைத்திருப்பவன் ஊர் முழுக்க வெயிலில் காய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவன். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது. கோடைக் கடை நடத்தி அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். எழுபதுகளில் பாலக்காட்டு எல்லையில், வடகரப்பதிப் பக்கம் நான் குச்சி ஐஸ் கம்பெனி வைத்திருந்தேன். கம்பெனி என்றால் ஒரு மெஷின், ஐஸ் உறைய ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி, பெட்டி கட்டிய இரண்டு சைக்கிள்கள். அப்பாவின் கடலைக்காட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற வீம்பில் ஆரம்பித்தது.

முதல் வாடிக்கை

இடுக்கி மலையில் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மகள் வீட்டோடு இருக்க எங்கள் ஊருக்கு வந்தார். தோட்டத்தில் அவர் பார்த்தது கணக்கெழுதும் ரைட்டர் வேலை; ஊரிலும் அதே பேர் நின்றுவிட்டது. கூடவே ஜிம்மி என்று ஒரு சடை நாய். மலை மஞ்சுமூட்டத்திலேயே பிறந்து வளர்ந்தது, எங்கள் ஊர்ப் பங்குனியைத் தாங்குமா? நாக்கு தரையைத் தொட, மூன்று நாளாகச் சோறு தொடாமல் கிடந்தது. ரைட்டர் அதைத் தூக்கிக்கொண்டே கம்பெனிக்கு வந்தார்.

பால் ஐஸ் ஒன்றை நீட்டினேன். ஜிம்மி ஒரே கவ்வில் குச்சியோடு உள்ளே இழுத்தது. நானும் ரைட்டரும் வாயைப் பிளந்து குச்சியை எடுப்பதற்குள் என் கையில் நான்கு பல் தடம். ரைட்டர் நிதானமாகச் சொன்னார்: "ஒரு குழப்பமும் இல்ல தம்பி, ஐஸ் பிடிச்சிருக்கு. குச்சிதான் பிடிக்கல."

பிடி

குச்சி இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். கையில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. ஜிம்மி அதை வாசல் முழுக்கத் துரத்தியது. கடைசியில் அது தின்றதில் பாதி ஐஸ், பாதி செம்மண். யோசித்துப் பார்த்ததில் குச்சிக்குப் பதில் எலும்பை நட்டால் போதும் என்று தோன்றியது. தகரக்காரரிடம் நாய்க்கென்று டம்ளர் அளவில் தனி அச்சுகள் செய்து வாங்கினேன். உப்பில்லாத எலும்புச் சாற்றை ஊற்றி, பாதி உறைந்ததும் நடுவில் விழுங்க முடியாத பெரிய தொடை எலும்பு. கறிக்கடை பாய் எலும்பைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது சொன்னார்: "இத்தனை வருசமா எலும்பு விக்கிறேன், இதுக்குச் சளி பிடிக்க வைக்கலாம்னு எனக்குத் தோணலியே!"

கல்பாத்தி நாய்

விஷயம் பாலக்காடு வரை போய்விட்டது. கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து ஒரு மாமி பஸ் ஏறி வந்தார். நாய் வரவில்லை, அதன் வர்ணனை மட்டும் வந்தது. தொட்டி ஓரம் நின்ற எலும்புகளைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அவருக்காகத் தண்ணீராகக் கரைத்த தயிர்சாதத்தை ஊற்றி, கேரட்டை நட்டு ஒன்று போட்டேன். நன்றாகவே நின்றது. கரையாமலிருக்க மரத்தூள் போட்டுக் கட்டிக் கொடுத்தபோது மாமி சொன்னார்: "எங்காத்து நாய்க்கு இது போறும். ஆனா அந்த எலும்புப் பக்கம் வச்சதுன்னு அதுகிட்டச் சொல்லிடாதேங்கோ."

என் முன்யோசனை

மாரியம்மன் கோவில் திருவிழா, எங்கள் ஊர்ப் பேச்சில் நோம்பி, வந்தது. அந்த நாட்களின் விற்பனை போனால் அந்த வருஷமே போன மாதிரி. மெஷினை விற்றுவிட்டுக் கடலைக்காட்டுக்குப் போக வேண்டியதுதான். கோவில் முன் கம்பம் நட்டால் நோம்பி முடியும்வரை ஊருக்குள் கறி வாசமே கூடாது. பாயும் கடையைச் சாத்திவிடுவார். ஜிம்மிக்கு என்ன செய்வது? கம்பம் நடுவதற்கு முந்தின நாளே நோம்பி முடியும்வரைக்கும் சேர்த்துப் போட்டு வைத்தேன். முன்னாடியே செய்தால் குற்றமில்லை என்பது என் கணக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கோவில் மைதானத்தில் ஐஸ் விற்க அனுமதி தர வேண்டிய ஊர்க்கவுண்டர், தொட்டி சுத்தமா என்று பார்க்க வந்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே வரிசையாக எலும்புகள். நான் சொன்ன விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூடியை மெதுவாக வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஊரே ஒரு கம்பம் நட்டுருக்குது, நீங்க நாப்பது நட்டுருக்கறீங்க. இந்த நோம்பிக்கு உங்க ஐஸ் வேண்டாமுங்க."

செக்போஸ்ட்

எலும்புகளை உடனே ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் எல்லை முடிகிற இடத்தில் கேரளமும் முடிகிறது. ரைட்டர் மரத்தூள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜிம்மியோடு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய், புளியமரத்தடியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஐஸ் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜிம்மிக்கும் கல்பாத்திச் சாப்பாடுதான், வெறும் தயிர்சாதம். முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்த தமிழ்நாட்டுக் காவலர் கேட்டாராம்: "இந்த வழியா அரிசி கடத்துவாங்க, தெரியுமுங்க. கேரளாவுல நாய் சாப்பிடக்கூட எடமில்லீங்களா?"

நோம்பி முடிந்த மறுநாள்

நோம்பி மைதானத்தில் சோடாக்கடைக்காரர்தான் ராஜா. நான் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது; ஊர் மேல் அல்ல, என் புத்திசாலித்தனத்தின் மேல். மெஷினுக்கு ஆள் பார்க்கும்படி தரகரிடமும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோம்பி முடிந்தது. மறுநாள் ஊரில் வீட்டுக்கு வீடு கெடா வெட்டினார்கள். மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது. ஊர்க்கவுண்டர் இரண்டு வேட்டை நாய்களோடும் ஒரு போசிப் பாத்திரம் நிறைய எலும்புகளோடும் நின்றார். பின்னால் தூக்குப்போசிகளோடு பாதி ஊர். "என் ஐஸ் வேண்டாம்னு சொன்னீங்களே" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது நோம்பிக்குங்க தம்பி. நோம்பிதான் முடிஞ்சு போச்சே! எங்க ஊட்டு நாயும் வெயில்லதான கெடக்குது. சீக்கிரம் எலும்ப நடுங்க."

மெஷினுக்கு ஆளோடு வந்த தரகரைத் திருப்பி அனுப்பினேன்; மனிதரை நம்பி வைத்த கம்பெனி, நாய்கள் தயவில் அந்தக் கோடையைத் தாண்டியது.