பேர்லேண்டில் நான்கு நாள், டீச்சர் தங்கையின் துப்பாக்கியோடு

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை கவிதா டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அடுத்து வந்த திங்கட்கிழமை முதல் அவள் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதாக இருந்தது. பள்ளியே பயிற்சி கொடுத்து, துப்பாக்கியையும் கையில் கொடுத்துவிட்டது. அவளைத் தடுக்கத்தான் கிளம்பினேன்.

யார் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது நிர்வாகத்துக்கு மட்டுமே தெரிய வேண்டிய ரகசியமாம். கவிதா என்னிடம் சொன்னாள். நான் கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஃபோனிலேயே அழுதுவிட்டு, "நீ நேர்ல போயி அவளுக்கு எடுத்துச் சொல்லு கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் ரகசியம் தங்கும் லட்சணம் இதுதான். அதனால் இங்கே எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பள்ளி இருக்கும் ஊரையும் சொல்லப் போவதில்லை.

காலை 7.10 விமானம். ஹூஸ்டனில் இறங்கும்போது அங்கே மணி 10.05. போய்வர டிக்கெட் 318 டாலர், நான்கு நாள் வாடகைக் கார் 171 டாலர். காரை மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள், அங்கே பால் வாங்கக்கூட நடந்து போக முடியாது. விமான நிலையத்திலிருந்து பள்ளி 74 மைல், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஹூஸ்டன் தாண்டியதும் வானமும் புல்லும்தான். நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே பதினான்கு வருஷம் ஓட்டியவளுக்கு அந்த வெட்டவெளி பழகவே இல்லை. இங்கே ஒன்று நடந்தால் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

பள்ளி வாசலில் ஒரு பலகை. இங்கே ஊழியர்கள் சிலர் ஆயுதம் வைத்திருப்பார்கள், பிள்ளைகளைக் காக்க அதைப் பயன்படுத்துவார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழேயே பூசணிக்காய்த் திருவிழா அறிவிப்பு.

மூன்று மணிக்குப் பள்ளி விட்டது. கவிதாவின் வகுப்பு வரிசையாக வெளியே வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் போகும்போது அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனது. எட்டு வயசுப் பிள்ளைகளின் கை சரியாக அவள் இடுப்பைச் சுற்றுகிறது. திங்கட்கிழமை இந்தக் கைகள் எதன் மேல் படும் என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் போனேன்.

காலியான வகுப்பில் வைத்து ஆரம்பித்தேன். "ஏன்டி, உனக்கெதுக்கு இந்த வேலை? கொசு அடிக்கவே பயப்படுவியே."

அவள் மூலையில் இருந்த புத்தக அலமாரியைக் காட்டினாள். "துப்பாக்கிக்காரன் வந்தா ஒளியற ட்ரில் அன்னிக்கு இருபத்திரண்டு பேரையும் இதுக்குப் பின்னாடிதான் உட்கார வெப்பேன். லைட்டை ஆஃப் பண்ணிருவேன். சத்தம் போடாம இருந்தா ஸ்டிக்கர் தருவேன்னு சொல்லுவேன். போலீஸ் வர இருபது நிமிஷம் ஆகுமக்கா. அந்த இருபது நிமிஷமும் நான் ஸ்டிக்கரை வெச்சுட்டு என்ன பண்றது?"

"கை நடுங்கி ஒரு புள்ளை மேல பட்டுட்டா?"

"அதை நெனச்சு நெனச்சுத்தான் ட்ரெயினிங் முடிஞ்சதுல இருந்து சோறு எறங்கல" என்றாள். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நான் அவளுக்குப் பயப்படுகிறேன், அவள் இருபத்திரண்டு பேருக்குப் பயப்படுகிறாள். அவளை எதிர்த்துப் பேச எடுத்து வந்ததெல்லாம் பாதியிலேயே தீர்ந்துபோனது.

அங்கிருந்து பேர்லேண்டில் அவள் வீட்டுக்கு 41 மைல். கராஜ் கதவுக்கு என்ன நம்பர் என்று கேட்டதற்குச் சிரித்தாள். எங்கள் அப்பா ஓட்டிய மொபெட்டின் நான்கு இலக்க நம்பர்தான். பேங்க், ஃபோன், பெட்டிப் பூட்டு, வைஃபை எல்லாவற்றுக்கும் நாங்கள் இருவரும் முப்பது வருஷமாக அதைத்தான் போடுகிறோம். (என்ன நம்பர் என்று கேட்காதீர்கள், இரண்டு பேங்கில் இன்னும் மாற்றவில்லை.) நான் முகம் கழுவி வருவதற்குள் அவள் ஆறு வயசு மகள் நிலா என் பெட்டிப் பூட்டை அதே நம்பரில் திறந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். "கெட்டிக்காரி!" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தைக் கிள்ளினேன். என்னுடைய அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. பூஜை எந்தக் கிழமையில் வந்தாலும் நாம் சனிக்கிழமைக்கு நகர்த்திக்கொள்வோமே, அப்படித்தான். காலை பத்தரை மணி. கவிதாவின் கணவர் செந்தில் தேங்காயைக் கழுவிக்கொண்டிருந்தார். கவிதா பாடப் புத்தகங்களை அடுக்கினாள். செந்திலின் லேப்டாப், கார் சாவி, என் ஆபீஸ் அடையாள அட்டை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான்தான் நிலாவை அழைத்துச் சொன்னேன்: "அம்மா வேலைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போவாங்களோ, எல்லாத்தையும் கொண்டா கண்ணு. சாமிகிட்ட வெக்கணும்."

முதலில் பேனா டப்பாவைக் கொண்டுவந்தாள். அடுத்து மார்க்கர், ஸ்டிக்கர் கட்டு. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் துப்பாக்கி. அதன் குழாய் மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். குழாயின் வாய் அவள் வயிற்றைப் பார்த்திருந்தது.

"திஸ் ஈஸ் அம்மாஸ் வொர்க் திங், ரைட், பெரியம்மா?"

செந்தில் கையிலிருந்த தேங்காய் தரையில் உருண்டது. கவிதா மட்டும் வகுப்பில் பேசும் குரலில், மெதுவாக, "நிலா, ஃப்ரீஸ்" என்றாள். குழந்தை அப்படியே நின்றது. பள்ளியில் ட்ரில்லுக்குப் பழகிய உடம்பு, மூச்சுக்கூட விடாமல் நின்றது. கவிதா நான்கு எட்டில் போய்த் தட்டை வாங்கி, குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, குண்டுகளைக் கழற்றினாள். உள்ளே முழுசாக இருந்தன. குண்டுகள் தட்டில் விழுந்து எழுப்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

படுக்கையறை அலமாரியில் துப்பாக்கியைப் பூட்டி வைத்திருந்த இரும்புப் பெட்டிக்கும் அதே மொபெட் நம்பர்தான். அவசரத்தில் மறக்காத நம்பராகப் போடப் பயிற்சியில் சொன்னார்களாம். நிலா, "ஆம் ஐ இன் ட்ரபிள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை கண்ணு, தப்பெல்லாம் எங்களுடையதுதான் என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போனோம், வீட்டிலிருந்து பத்தே நிமிஷம். சந்நிதியில் கவிதா கண்ணை மூடவே இல்லை, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். வாகன நிறுத்தத்தில் வைத்துச் சொன்னாள்: "நாளைக்குத் திருப்பிக் குடுத்துர்றேன்க்கா. ஸ்கூல்ல இருபத்திரண்டு புள்ளைங்க. வீட்ல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அது ஒண்ணுகிட்டக்கூட மறைக்கத் தெரியல எனக்கு." திங்கள் காலை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். தலைமையாசிரியர் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டாராம். நான் அம்மாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, பிற்பகல் 3.40 விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

டெக்சாஸில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், வெயில் அக்டோபரிலும் கொளுத்துகிறது. 288 ஃப்ரீவேயில் டோல் பாதையில் ஏறினால் பணம் வாடகைக் கார் பில்லில் வந்து சேரும். பிள்ளைகளோடு தங்குவதாக இருந்தால், ஸ்வீட் டப்பாவை நீட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டு நம்பர் யார் யாருக்குத் தெரியும்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நான் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை 10.52க்குக் கவிதாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "லாக்டவுன். ட்ரில் இல்ல." அவ்வளவுதான். பள்ளியைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறார்கள், இந்த முறை நிஜமாகவே. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பதில் போட்டால் ஃபோன் சத்தம் போட்டுவிடுமோ என்ற பயத்தில் பதிலும் போடவில்லை. அலமாரிக்குப் பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகளும், கையில் ஸ்டிக்கர் கட்டோடு அவளும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 11.39க்கு அடுத்த மெசேஜ்: வேட்டைக்குப் போன யாரோ ஒருவர், துப்பாக்கி இருந்த வண்டியைப் பள்ளி வேலியோரம் நிறுத்தியிருக்கிறார். ஒன்றுமில்லை. எல்லாரும் பத்திரம்.

அன்று மாலை கவிதா கூப்பிட்டாள். "நல்லவேளைக்கா, நீ வந்ததால அது இன்னிக்கு என் கையில இல்ல. இருந்திருந்தா அந்த ஆளை என்ன பண்ணியிருப்பேனோ" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். அந்த நாற்பத்தேழு நிமிஷமும், அது அவள் இடுப்பில் இருந்திருக்கக் கூடாதா, அதைத் திருப்பிக் கொடுக்க வைத்த பாவி நான்தானே என்று மாடிப்படியில் அழுதுகொண்டிருந்ததை அவளிடம் சொல்லவில்லை.