செவலை தின்ற பதினேழு இலை

என் தங்கை யசோதினியிடம் இரண்டு மாடுகள் இருந்தன. பெரியது செவலை, சின்னது கறுப்பி. வத்தேகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அதன் பின்னால் கொட்டில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதன் பிறகு பதினான்கு வருடமாக அவள் கொழுந்து பறித்தாள்.

போன ஆகஸ்ட் மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸுமைரா மிஸ் வந்தார். மாடு தின்பதைப் பொறுத்துப் பாலிலுள்ள கொழுப்பமிலங்கள் எப்படி மாறுகின்றன என்பது அவருடைய ஆய்வு. சுற்றுவட்டாரத்தில் நாற்பது மாடுகளின் பாலைச் சிறு போத்தல்களில் எடுத்துப் போனார். பலரும் பேக்கரியில் மிஞ்சிய பாண் ரொட்டியையும் புண்ணாக்கையும் நிறையப் போடுகிறவர்கள். யசோதினி மட்டும் கொழுந்து பறித்து மலையால் இறங்கியதும் ஓடைக்கரையில் புல் அறுப்பாள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு நாற்பது கிலோ. தராசில் நிறுத்துப் பார்த்தவன் நான். நாற்பது மாடுகளிலும் செவலையின் பாலே முதலாவதாக வந்தது. இதயத்துக்கு நல்லது என்கிற கொழுப்பமிலம் அதில் மற்றப் பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம்.

“அது எப்படி?” என்று அவளிடம் கேட்டேன்.

“மாட்டு வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்குண்ணே. நாம புல்லு போடுறது அதுகளுக்குத்தான். அதுக திங்கிறதுக்குத் தக்கன பாலுல கொழுப்பு மாறும். தீனியச் சட்டுன்னு மாத்திட்டா அதுக செத்துப்போகும்.”

மிஸ் ஒரேயொரு முறைதான் அவளுக்கு இதை விளக்கினார்.

கண்டியில் பால் கடை வைத்திருக்கும் முஹ்ஸின் நானா இதைக் கேள்விப்பட்டார். புல் தின்ற மாட்டின் பாலைத் தனியாக நல்ல விலைக்கு விற்கலாம், ஆனால் ஜனவரி பதினெட்டில் மிஸ் எடுக்கும் கடைசி மாதிரியிலும் செவலை அதே அளவு காட்ட வேண்டும் என்றார். காட்டினால் யசோதினி மாடுகளோடு இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. பெப்ரவரி முதலாம் திகதி ஏஜென்சிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து மாதமும் அவள் தீனியை மாற்றவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாதிரிப் போத்தல்களை வாங்கிவரப் பேராதனைக்குப் போனாள். நாற்பது மாடுகளுக்குமான போத்தல்களை மிஸ் அவள் பொறுப்பில்தான் விட்டிருந்தார்.

“அண்ணே, செவலைக்குப் பொங்கல நாக்குல தடவுனா போதும். இலையோட குடுக்க விட்டுறாத.”

“நான் பாத்துக்கிறேன். நீ போய்ட்டு வா.”

மாட்டுப் பொங்கலுக்கு வீட்டுக்கொரு இலைப் பொங்கலை மாட்டுக்கு ஊட்டுவது எங்கள் லயத்து வழக்கம். முன்பு ஆறு மாடுகள் இருந்ததால் அது பகிர்ந்து போகும். இந்த வருடம் எங்களுடைய இரண்டுதான் மிச்சம். அதிலும் கறுப்பி பக்கம் யாரும் போகவில்லை. எல்லோருக்கும் செவலைதான் வேண்டியிருந்தது.

“நம்ம லயத்துலருந்து கெம்பஸ் போன மொத ஆளு இவதான்டீ!” என்று செவலையின் கழுத்தைத் தடவினார் பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

“அக்கா, ஒரு வாய் போதும்க்கா…” என்றேன்.

“ஏன்டா அழகரு, தங்கச்சி மாடு பேரெடுத்தோடன எங்க கையி கசக்குதோ?”

நான் விலகி நின்றேன். மறித்திருக்கலாம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் என் தங்கையைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கையில் அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினேழு இலை. எண்ணினேன். எண்ணியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், கீழே கிடந்த இலைகளைப் பார்த்தாள். செவலையின் இடது வயிற்றில் கை வைத்து அழுத்தினாள்.

“எத்தனைண்ணே?”

“பதினேழு.”

அவள் ஏசவில்லை. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலால் புகட்டினாள். மறுநாள் செவலை புல்லை முகர்ந்தும் பார்க்கவில்லை, அசைபோடவும் இல்லை. தண்ணீராகக் கழிந்தது. அரிசியும் சர்க்கரையும் வயிற்றில் புளித்துவிட்டதாக மிருக வைத்தியர் சொன்னார்.

பதினெட்டாம் திகதி காலை ஐந்து மணிக்குக் கறந்தபோது மூன்று கோப்பைதான் வந்தது.

“கறுப்பி பாலை ஊத்திரு,” என்றேன். “அதுவும் புல்லுதானே தின்னுச்சு. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே. மிஸ் என்னைய நம்பித்தானே போத்தலக் குடுத்தாங்க.”

போத்தலில் செவலையின் பாலை ஊற்றினாள். லேபலில் அச்சடித்தது போன்ற அவளுடைய எழுத்தில் எழுதினாள்: “செவலை. மூன்று நாளுக்கு முன் நிறையப் பொங்கல் தின்றது.”

பத்தாம் நாள் மிஸ் தொலைபேசியில் பேசினார். அந்தக் கொழுப்பமிலம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மாதிரிகளோடு அவருடைய ஆய்வும் முடிந்தது, மறுபடி சோதிக்க வழியில்லை.

“நான் முஹ்ஸின் நானாகிட்ட செல்லிப் பாக்கிறேன், யசோதினி. நீங்க உள்ளதை எழுதி வெச்சதையும் செல்றேன்,” என்றார்.

சொல்லியும் பார்த்தார். முஹ்ஸின் நானா அன்றே யசோதினியை அழைத்தார். அன்பாகத்தான் பேசினார்.

“நீங்க நேர்மையான புள்ளதான் மகள். ஆனா பொங்கல் அடுத்த வருஷமும் வருமே? வார ஆளுகளை நீங்க வாணாண்டு செல்லுவீங்களா?”

அவள் லயத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “மாட்டேங்க,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பெப்ரவரி முதலாம் திகதி ஏஜென்சிக்குப் போய்ச் சம்மதம் சொன்னாள். மார்ச் நான்காம் திகதி குவைத்துக்கு விமானம் ஏறினாள். செவலை உயிர் பிழைத்தது, பால் திரும்பவில்லை. சித்திரையில் அதை விற்றோம்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் அழைப்பாள்.

“கறுப்பிக்கு நாப்பது கிலோ போடுறியாண்ணே?”

“போடுறேன்.”

“நிறுத்தா?”

“நிறுத்துத்தான்.”

கறுப்பியின் பாலைத் தினமும் நான் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன். அங்கே பாண் தின்ற மாடுகளின் பாலும் அதுவும் ஒரே கேனுக்குள் போகின்றன. அது அவளுக்கும் தெரியும்.