வாடைப் பக்கத்து ஜன்னல்கள்

அந்தக் கட்டடம் என் தோழியின் மனதில் எங்கே தோன்றியது என்று எனக்குத் தெரியும். காந்தி மார்க்கெட்டில், ஒரு பூக்கடை முன்னால். நவராத்திரிக்குப் பூ வாங்க இருவரும் போயிருந்தோம். கடைக்காரர் பூவைச் சுற்றிக் கொடுக்க ஈர வாழைமட்டை ஒன்றைக் குறுக்கே வெட்டினார். வெட்டிய இடத்தில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் காற்று. அவள் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கதம்பத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதே மட்டை என் கண்ணெதிரேயும்தான் இருந்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நாங்கள் இருவரும் கட்டட வடிவமைப்பாளர்கள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. நான் ஸ்ரீரங்கத்துக்காரி. அவள் தென்காசியிலிருந்து படிக்க வந்து, திருச்சியிலேயே வாழ்க்கைப்பட்டு இருபது வருஷமாக இங்கேயே இருப்பவள். தொட்டியம் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை, விவசாயிகளும் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்ய ஒரு மையம் கட்ட விரும்பி, வடிவமைப்புகள் கேட்டது. இருவருமே கொடுத்தோம்.

என்னுடையது ஒழுங்கான கட்டடம். நாலு பக்கமும் நேர்க்கோடு, மேலே சோலார் தகடு, கீழே மழைநீர்த் தொட்டி. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லிக்கொள்ள என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. அவளுடையதில் சுவரே வாழைமட்டை. இரட்டைச் சுவருக்கு நடுவே அடுக்கடுக்காகக் காற்றறைகள், ஏசியே வேண்டாம். கூரை வாழையிலை வடிவம். இரண்டு பக்கத்து மழையும் நடுநரம்பில் இறங்கித் தொட்டிக்குப் போய்விடும். இதைப் பார்த்த பிறகு என் நேர்க்கோட்டை யார் சீந்துவார்கள்? அவளுடையதையே தேர்ந்தெடுத்தார்கள், பேப்பரில் அவள் படமும் வந்தது.

"உன் ஃப்ரெண்டோட பிளானை வாட்ஸ்அப்ல பார்த்தேன். பிரமாதமா இருக்கே" என்றார் என் கணவர். அன்று சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டது. வேண்டுமென்று போடவில்லை. கூடிப்போனதற்காக வருத்தப்படவும் இல்லை.

எங்களுக்குள் கல்லூரி நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் கடைசி வரைபடத்தை மற்றவளிடம் கொடுப்போம். தப்பு தெரிந்தால் பச்சைப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வட்டம் இல்லாத தாள் சரியான தாள், அதற்கு மேல் பேச்சே கிடையாது. நான் வரைந்த ஒரு வீட்டில் மாடிப்படி ஏறுகிறவன் தலை உத்தரத்தில் இடிக்கும் என்று கண்டுபிடித்தது அவள்தான். அன்று அவள் போட்ட பச்சை வட்டம் என் மானத்தைக் காப்பாற்றியது.

இந்த வரைபடத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் தப்பு தேடினேன். திருத்துவதற்காக இல்லை, ஒன்றாவது இருக்க வேண்டுமே என்ற ஆத்திரத்தில். மூன்றாம் நாள் கிடைத்தது.

உஷ்ணக் காற்று வெளியேற வடகிழக்குச் சுவரின் உச்சியில் வரிசையாக ஜன்னல்கள் வைத்திருந்தாள். அவற்றுக்கு மேல் ஒரு சாண் சன்ஷேடுகூட இல்லை. மேற்குப் பக்கத்திலோ ஆழ ஆழமாக சன்ஷேடு. எனக்குச் சிரிப்பு வந்தது. தென்காசியில் சாரல் மேற்கே மலைப்பக்கமிருந்து வரும். இருபது வருஷம் திருச்சித் தண்ணீர் குடித்தும் அவள் கை அந்த ஊர் மழைக்குத்தான் வரைந்திருந்தது. இங்கே ஐப்பசி மழை வாடைக்காற்றோடு சாய்ந்து வரும். அந்த ஜன்னல்களுக்கு நேர் கீழேதான் பொதுக்கூடம். எல்லோரும் சேர்ந்து உட்காரும் மேசைகள், விதைத் தட்டுகள், விவசாயிகளின் குறிப்பேடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கப்போகின்றன.

பச்சைப் பென்சிலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். பேப்பரில் படம் வருகிற ஆளுக்கு மழை எந்தப் பக்கம் பெய்யும் என்று தெரியாதா, நனையட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.

"என்னடி, பச்சையையே காணோம்?" என்றாள், தாள்களைப் புரட்டிக்கொண்டே.

"ஒண்ணும் இல்லடி. நல்லா வந்திருக்கு."

"நீயே சொல்லிட்டியா, போதும். இனி நான் எதையும் திரும்பப் பார்க்கப் போறதில்ல."

ஒன்றரை வருஷத்தில் கட்டி முடித்தார்கள். சித்திரை வெயிலில் திறப்புவிழா. உள்ளே நுழைந்தால் ஆற்றங்கரையில் நிற்பதுபோல் குளுகுளுவென்று இருந்தது. எல்லோரும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் மோரைக் குடித்துக்கொண்டு அந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை போன் வந்தது. "கொஞ்சம் வர முடியுமாடி?" வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கூடத்துக்குள் கால் வைத்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. தரையெல்லாம் தண்ணீர். மாணவர்கள் விதைத் தட்டுகளை ஓடி ஓடித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு விவசாயி அம்மா, ஊறிப்போன தடித்த நோட்டு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது.

"பதினோரு வருஷமா எழுதினதுங்க" என்று யாரிடமோ சொன்னார். "எந்தக் கன்னு எப்ப நட்டேன், எது காத்துல சாஞ்சுது, எது நின்னுச்சு, எல்லாம் இதுலதான் இருக்கு. ஆராய்ச்சிக்கு வேணும்னு கேட்டாங்கன்னு கொண்டாந்து வச்சேன்."

என் தோழி முகம் வெளுத்து நின்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டுட்டோம்டி" என்றாள். ரெண்டு பேரும் என்றாள். "இப்ப என்ன பண்றது, சொல்லு."

ஒரு தாளை வாங்கி மளமளவென்று வரைந்தேன். இரண்டரை அடி சன்ஷேடு, சாய்வான பலகைகள், தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு சரிவு. ஏழு ஜன்னல், ஒவ்வொன்றும் நாலடி மூன்றங்குலம் அகலம் என்று அளக்காமலே எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷமாக அதை மனதில் எத்தனையோ தடவை வரைந்து பார்த்திருந்தேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு ஒரு பையனிடம் டேப் கொடுத்து ஏணியில் ஏறி அளக்கச் சொன்னாள். "நாலடி மூணு இன்ச், மேடம்" என்று அவன் மேலிருந்து கத்தினான். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பவே பார்த்துட்டேன்டி" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? போய் அந்த அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க மேடம், ஒட்டிக்கிட்டு வருது, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றார். பிடித்துக்கொண்டேன். கடைசிப் பக்கம்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.