மஞ்சள் கொழுப்பும் மாமாவின் பாங்கும்

மாமா தேத்தண்ணி குடித்தால் மூக்கால் வந்தது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியபோது, வேரோடு ஒட்டியிருந்த மெல்லிய எலும்பும் கூடவே வந்துவிட்டது. அந்த வேரின் அமைப்பு அப்படி. யார் பிடுங்கியிருந்தாலும் நடந்திருக்கும். வாய்க்கும், மூக்கோடு சேர்ந்த காற்றறைக்கும் நடுவே இப்போது ஓர் ஓட்டை.

தேத்தண்ணியை விடுங்கள். என் மாமா எங்களூர்ப் பள்ளிவாசலின் மோதினார், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிறவர். 'அல்லாஹு அக்பர்' என்று தொடங்கினால் பாதிக் காற்று மூக்கு வழியே கசிந்து, ஒலிபெருக்கியில் சளித் தடிமன் பிடித்த ஆள் மாதிரிக் கேட்டது. சந்தியில் பொடியன்மார் அதே மாதிரிச் சொல்லிக் காட்டினார்கள். ஒரு வெள்ளிக்குப் பிறகு ஒலிவாங்கியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பாங்கு கேட்கும் நேரமெல்லாம் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார்.

நான் பல் மருத்துவம் படிக்கிறேன், கடைசி வருடம். விடுமுறையில் வந்திருந்தேன். ஆஸ்பத்திரியின் முகச் சத்திரசிகிச்சை நிபுணர், "கன்னக் கொழுப்பால மூடலாம்" என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை விளக்கிக்கொண்டே வந்தேன்.

"மாமா, கன்னத்துக்குள்ள ஒரு கொழுப்புப் பொதி இரிக்கு. அத வெட்டி எடுக்கிறல்ல. ரத்தக்குழாயோட ஒட்டினபடியே இழுத்து ஓட்டைக்கு மேல போட்டுத் தைப்பாங்க. அதுக்கு மேல தானாத் தோல் மூடிரும்."

"இழுத்தா மூஞ்சி ஒரு பக்கம் சொத்தியாப் போகாதா?"

"போகாது. ஆழத்துல இரிக்கிற கொழுப்பு."

"அந்த மனிசன் பயந்து போயிரிக்காரு," என்றார் மாமி. "நீ கலியாண வீட்டுக்குப் போற மாதிரிக் கதைக்கிறாய்."

நிபுணர் என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டார். அந்தப் பக்கத்தை மட்டும் விறைக்க வைத்திருந்ததால் மாமா முழிப்போடு படுத்திருந்தார். மேல் ஈறும் கன்னமும் சேருமிடத்தில் சின்னதாய் ஒரு வெட்டு. வெளியே விரலால் கன்னத்தை அழுத்தினார்கள். மஞ்சள் கொழுப்பு பளபளவென்று எட்டிப் பார்த்தது. அவசரமாய் இழுத்தால் அதைச் சுற்றிய சவ்வு கிழிந்து கொழுப்பு சிதறிவிடும். அவர் இடுக்கியால் மெல்ல மெல்ல வரவழைத்தார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"மாமா, முழுக்க மூடிட்டு!"

"சத்தம்," என்றார் நிபுணர், நிமிராமலே.

தையல் பிடிக்கும்வரை மூக்கைச் சிந்திச் சீறக்கூடாது, வாயை உலுப்பிக் கொப்பளிக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். எல்லாவற்றுக்கும் மாமா தலையாட்டினார். வீட்டில் முதல் தும்மலை ஆவென்று தும்மியபோது மாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

சில நாள் கழித்து, மாலை அஸர் தொழுகைக்கு முன், பைப்படியில் சத்தம் கேட்டது. கொப்பளிக்கும் சத்தம், பிறகு மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சீறும் சத்தம். ஓடினேன்.

"மாமா! என்ன செய்றீங்க?"

"வுழூ எடுக்கிறன்."

"மூக்குச் சீற வேணாமெண்டு டொக்டர் சொன்னாரே!"

"நான் எங்க சீறினன்? வுழூதானே எடுக்கிறன். அதப் பத்தி அவரு ஒண்டும் சொல்லல்லியே."

அவர் பொய் சொல்லவில்லை. மூக்குச் சீறுவது தடிமனுக்கு. தொழுகைக்கு முன் வாய், மூக்கு, முகமென்று கழுவும் வுழூ வேறு. அப்படியென்றால் ஒவ்வொரு தொழுகைக்கும் இதைத்தான் செய்திருக்கிறார்.

கைபேசி வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தேன். ஓரத்துத் தையலொன்று விலகி, கொழுப்பு சற்றுத் தொங்கியது.

"மறுகா மூக்கால வருமா?" என்றார் மாமா.

"தெரியல்ல மாமா."

மாமி வாசலில் வந்து நின்றார். "வாய் கொப்பளிக்கிறதும் மூக்குக்குத் தண்ணி குடுக்கிறதும் செஞ்சா நன்மையான சுன்னத்துத்தானே, கட்டாயமான பர்ளு இல்லியே. அத விட்டா வுழூ கூடாதா, செல்லாதா?"

"கூடும். எனக்குத் தெரியாதா? கை தானாப் போகுதே."

அதன்பிறகு ஒவ்வொரு தொழுகைக்கும் பைப்படியில் காவல் நின்றேன். அவர் கை வாய்ப்பக்கம் போனால், "முகத்துக்குப் போங்க, முகத்துக்கு!" என்று கத்தினேன். "பொலிசுல சேந்திரு நீ," என்றார்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிபுணர் நெடுநேரம் பார்த்தார். விலகியது ஓரம் மட்டும்தான். மற்ற இடத்தில் கொழுப்பு பிடித்து, மஞ்சள் மாறிச் சிவந்து வந்தது. "உரத்துப் பாங்கு சொல்ல இன்னும் பொறுங்க," என்றார். மாமா பொறுத்தார் என்று சொல்லமாட்டேன். நடந்து நடந்து முற்றம்தான் தேய்ந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தது. தகப்பன் வேலியருகில் வந்து, "மோதினார், புள்ளைட காதுல பாங்கு சொல்லணும்," என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். "காதுக்குள்ளதானே. மெல்லமா."

"மூச்சுப் புடிக்காம சொல்லுங்க."

பிள்ளையின் வலது காதருகே அவர் குனிந்தார். நானும் குனிந்தேன். தகப்பன் என்னை விசித்திரமாகப் பார்த்தார், பார்க்கட்டும். பால் உறிஞ்சும் பிள்ளைகளின் கன்னத்தை உப்பவைப்பதும் அந்தக் கொழுப்புத்தான் என்று அவருக்குச் சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

'அக்பர்.' உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. மூக்கில் கசிவில்லை. அடுத்ததிலும் இல்லை. முடியும்வரை இல்லை.

வெளியே வந்ததும், "காத்துப் போகல்ல மாமா!" என்றேன்.

அவர் ஏற்கனவே ரோட்டில் இறங்கியிருந்தார், வீட்டுப் பக்கமில்லை, பள்ளிப் பக்கம்.

"எங்க போறீங்க?"

"சும்மா பாக்கத்தான்."

"மைக்கத் தொடக்கூடாது!" செருப்பைப் போடவும் நேரமில்லாமல் பின்னால் ஓடினேன்.