கொக்கி இல்லாத செயின்

அத்தை கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்றுதான் அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பா நம்பினார். அம்மா நம்பினாள். அடுத்த வீட்டில் குடியிருந்த பெரியப்பா, தங்கையின் மனத்தை மாற்றியது தாமே என்பதையும் சேர்த்து நம்பினார். நம்பாதவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதுக்காரியின் சந்தேகத்தை எந்த வீட்டிலும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஒரே ஒரு சொல். விடுமுறைக்கு வருமுன் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று அப்பா கைப்பேசியில் கேட்பார். அம்மா தைலம் கேட்பாள். பெரியப்பா, வீட்டில் ஏற்கெனவே இருப்பவற்றை மறந்துவிட்டு, இன்னொரு டார்ச் லைட் கேட்பார். அத்தை எதையுமே கேட்டதில்லை. அந்த ஆண்டு கேட்டாள்.

"அண்ணே, எனக்கு ஒரு செயின் வேணும். நல்லா கெட்டியா, அறுந்து போகாததா பாத்து வாங்கிட்டு வாங்க. இங்க நல்லதா கிடைக்க மாட்டேங்குது."

அதற்குமேல் சிக்னல் இல்லை. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, நாற்புறமும் வயல் சூழ்ந்தது. காற்று கொஞ்சம் திசை மாறினாலும் கைப்பேசிக் கோபுரம் எங்களை மறந்துவிடும். ஆனால் கேட்ட அளவே போதுமானதாக இருந்தது. மன்னார்குடிப் பக்கத்து வரன் ஒன்றை வைத்துக்கொண்டு பெரியப்பா ஓராண்டாக அத்தையிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "இப்ப வேணாம்ணே" என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு விடை வந்ததில்லை. அப்படிப்பட்டவள் தானாக வாய்திறந்து செயின் கேட்டால் அதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்?

"அவகிட்ட யாரும் இதைப் பத்திப் பேச்செடுக்காதீங்க. மறுபடியும் மலையேறிடுவா" என்று பெரியப்பா உத்தரவு போட்டார். அதனால் வீடு முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சிக்கு உரியவளுக்கு மட்டும் அது தெரியாமலிருந்தது.

எனக்குத் தெரிந்திருந்ததோ வேறு. அத்தையிடம் ஒரு சைக்கிள் இருந்தது. தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் அவளோடு படித்த தோழியின் அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்றது. அதற்கு இருக்கை கிடையாது. கியரும் கிடையாது. உட்கார்ந்து ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல அது. பெடல்களின்மேல் நின்றபடி கல், சுவர், மேடு என்று எதன்மேலும் தாவி ஏறுவதற்கான வண்டி. எங்கள் தெருவினர் அதை உடைந்த சைக்கிள் என்றே கருதினர். "சீட்டை எவன்டி திருடுனான்?" என்று கேட்காதவர் இல்லை. அத்தையும் சலிக்காமல், "போலீஸ் தேடிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அறுவடைக்காலம் முடிந்ததும் நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம் வெறிச்சோடிவிடும். மூட்டைகளுக்கு அடியில் போடும் மரச்சட்டங்களை அத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். பிரேக்கை இறுகப் பிடித்துப் பின் சக்கரத்தில் நிற்பாள். பிறகு பிரேக்கை விடுவதும் பெடலை ஓர் உதை உதைப்பதும் ஒரே கணத்தில் நிகழும்; சைக்கிள் அவளையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். அந்த ஓர் உதையின் முழு பலத்தையும் செயின்தான் சுமக்க வேண்டும். அது விட்டுக்கொடுத்தால் கால் வெறும் காற்றை உதைக்கும். உடம்பு முன்னே போய் விழும். ஒருமுறை அப்படி விழுந்தாள். மோவாயில் தையல் போட்டார்கள். பம்புசெட்டுத் தொட்டியில் வழுக்கியதாக வீட்டில் சொன்னாள். அந்தத் தொட்டியின் பாசியைப் பெரியப்பா ஆள்வைத்துச் சுரண்டினார்.

அறுந்த செயினைக் கடைவீதியில் கொடுத்து மறுபடி இணைத்திருந்தாள். அந்த இணைப்பை அவள் நம்பவில்லை. அவள் நம்பாததால் எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் அவளது அடுத்த இலக்கு எனக்குத் தெரியும். ஊர் எல்லையில் வாய்க்காலின் குறுக்கே ஒரு மதகு, இருபுறமும் கைச்சுவர்கள், நடுவே தண்ணீரை அடைக்கும் பலகை இறங்கும் இடைவெளி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவ வேண்டும் என்று பல நாளாக அளந்துகொண்டிருந்தாள். கோடையாதலால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, அடியில் கருங்கல் தளம் மட்டுமே. மேட்டூரில் சீக்கிரம் தண்ணீர் திறக்க வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். தண்ணீர் வந்துவிட்டால் விழுந்தாலும் அத்தை நனைவாள், அவ்வளவுதான் என்பது என் கணக்கு. மதகடியில் ஓடும் தண்ணீர் கல்லைவிடக் கொடியது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் அம்மாவும் அத்தையும் பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் உத்தரவை மீறாமல், ஆனால் ஆசையையும் அடக்க முடியாமல், அம்மா ஓரமாகத் தொடங்கினாள்.

"செயின்ல கனம் முக்கியமில்ல, தெரியுமா? கொக்கிதான் முக்கியம். எங்க அக்காவுக்குக் கொக்கி விட்டுத்தான் கும்பகோணம் பஸ்ல போயிடுச்சு."

"அதேதான் அண்ணி! எல்லாரும் தடிமனைத்தான் பாக்குறாங்க. விடுறது என்னவோ இணைப்புலதான்."

"கண்ணி கண்ணியா வெரல்ல உருட்டிப் பாக்கணும்."

"ஒரு கண்ணி இறுகி நின்னாக்கூட வேலைக்கு ஆவாது அண்ணி. கொக்கியே இல்லாம ஒரே சீரா வர்றதுதான் எனக்கு வேணும். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"தெனமும் போட்டுக்கத்தானே?"

"தெனமும்தான். மழையிலயும் சேத்துலயும். மாசம் ஒருதரம் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டாப் போதும்."

"மண்ணெண்ணெயா? பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசு."

"பூந்திக்கொட்டையில பிசுக்கு போகுமா அண்ணி?"

"கழுத்து வேர்வைப் பிசுக்கே போவுது, அப்புறம் என்ன?"

கழுத்து வேர்வைக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அத்தை ஒரு கணம் யோசித்ததைப் பார்த்தேன். ஆனால் அண்ணியின் பேச்சில் இப்படிச் சில வளைவுகள் வருவது வழக்கமாதலால் அதையும் கடந்துபோய்விட்டாள். ஒரு பொருளைப் பற்றி இரு பெண்கள் அவ்வளவு மனமொத்துப் பேசி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பேசிய பொருள் ஒன்றல்ல என்பது மட்டுமே குறை.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன்: "அது சைக்கிள் செயினும்மா."

அம்மா சிரித்துவிட்டாள். "சைக்கிள் செயினைத் தூக்கிட்டு வர்றதுக்கா உங்கப்பா ஏரோப்பிளேன் ஏறுறாங்க? சீட்டே இல்லாத சைக்கிளுக்குச் செயின் ஒண்ணுதான் கேடு."

அத்தையிடம் போய், எல்லோரும் நகை என்று நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். "போடி. அண்ணிகிட்ட கொக்கி வரைக்கும் விளக்கிச் சொல்லியாச்சு." இரு பக்கமும் உண்மையைச் சொல்லி இரு பக்கமும் தோற்றபின் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. காத்திருந்தேன்.

அப்பா வந்தார். பெட்டி திறந்தது. தைலமும் டார்ச் லைட்டும் வெளியேறிய பிறகு, சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றை அத்தையின் கையில் வைத்தார். அத்தை திறந்தாள். கெட்டியான தங்கச் செயின். கொக்கி இல்லாமல் தலைவழியே போட்டுக்கொள்வது. சொன்னபடியே தேடி வாங்கிய பெருமிதம் அப்பாவின் முகத்தில் தெரிந்தது. அத்தை அதை எடுத்து, பழக்கத்தினாலோ என்னவோ, கண்ணி கண்ணியாக விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வர்றாங்க. தட்டு மாத்திக்கலாம்னு சொல்லிட்டேன்" என்றார் பெரியப்பா.

"யாரு?" என்றாள் அத்தை.

அந்த ஒரு கேள்வியில் வீட்டின் மகிழ்ச்சி முழுவதும் நின்றுபோயிற்று. பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை செயினைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க மட்டும் வாங்கண்ணே. நான் கேட்டது எதுக்குன்னு காட்டுறேன்."

அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே நடக்க, பயணத்துச் சட்டையைக்கூட மாற்றாத அப்பா பின்னே நடக்க, யாரும் அழைக்காத நான் அவர்களுக்குப் பின்னே ஓடினேன். கொள்முதல் நிலையத்துக் களத்துக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் களத்தைத் தாண்டினாள். மதகை நோக்கிப் போனாள். சைக்கிளில் இருப்பது பழைய செயின் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

சைக்கிளோடு கைச்சுவரின்மேல் ஏறி நின்றாள். முன் சக்கரம் மேலெழுந்தது. பின் சக்கரத்தில், அசையாமல், கொக்கு மீனுக்கு நிற்பதுபோல நின்றாள். அப்பா, "ஏய், ஏய்" என்று இரண்டடி முன்னே வைத்தார். அதற்குள் உதைத்துவிட்டாள். இடைவெளிக்கு மேலே அவள் இருந்த நேரம் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குள் நான் அவளைக் கீழே பார்த்துவிட்டேன், கருங்கல்லின்மேல், தெளிவாக. ஆனால் அவள் அக்கரைச் சுவரில் இருந்தாள். நின்று, சமன்செய்து, சுவரிலிருந்து கரைக்கு இறங்க இன்னொரு உதை உதைத்தாள். அப்போதுதான் செயின் அறுந்த சத்தம் கேட்டது. செயின் வாய்க்காலுக்குள் விழுந்தது. அத்தை கரைப்பக்கம் புல்லில் விழுந்தாள்.

உள்ளங்கை சிராய்த்ததைத் தவிர ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி, செயினை எடுத்து, அறுந்த முனையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கொக்கிதான் விட்டிருக்கு" என்றார்.

"அதைத்தாண்ணே சொன்னேன்."

"இதை நம்பியா குதிச்ச?"

"வேற எதை நம்பறது? உங்களத்தான் நம்பியிருந்தேன். நீங்க நகையைக் கொண்டாந்திருக்கீங்க."

அப்பா செயினைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த எண்ணெய்க் கறை பிறகு எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

மறுநாள் காலை சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மூவரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். பெரிய சைக்கிள் கடை. கடைக்காரர் முதலில் கியர் வண்டிக்கான மெல்லிய செயினை எடுத்துப் போட்டார். "வெளிநாட்டு மாடல் சார், லைட் வெயிட்."

"இது ஒடுக்கம். என் பல்சக்கரம் அகலம், உக்காராது" என்று அத்தை தள்ளிவைத்தாள். அடுத்து வந்தது சாதாரணச் சைக்கிளின் தடித்த செயின். அதைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு முனையைத் தூக்கினாள். அது தொங்கி வளைந்தது. "புதுசுலயே இவ்வளவு ஆட்டம்."

"பாப்பா, சைக்கிளுக்குத்தானே? யானை கட்டவா?" என்றார் கடைக்காரர்.

"யானைன்னா ஒரே சீரா இழுக்கும். இது வெடுக்குனு இழுக்கும்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஊர் வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. கடைக்காரர் உள்ளே போய், சிறிய சாகச வண்டிகளுக்கானது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டைகள் தடிப்பாக, ஆணிகளின் தலை வெளியே விரிந்து அழுந்தியிருந்தன. அத்தை ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நிமிர்த்தினாள். எங்கும் இறுகவில்லை, எங்கும் தளரவில்லை. மாட்டுவதற்கு லாக் என்கிற கொக்கி வேண்டாம், ஆணியை அழுத்தியே இணையுங்கள் என்றாள். "லாக் போட்டா உங்களுக்குக் கழட்ட ஈசிம்மா" என்றார் அவர். "தானா கழண்டுக்கவும் அதுக்கு ஈசி" என்றாள் அத்தை.

முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்பாவுக்கு முடியவில்லை. அதே செயினைத் தாமும் வாங்கி முதல் கண்ணியிலிருந்து உருட்டத் தொடங்கினார். அதே வகையில் வேறொன்று இருக்கிறதா என்று கேட்டார். அதையும் உருட்டினார். ஆணி அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். "தாங்குமா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். அத்தையே, "போதும்ணே, வாங்க போகலாம்" என்று சொல்லும் அளவுக்குக் கேட்டார். அதன் பிறகும் காபி குடிக்கலாம் என்றார். கோயில் வரை போய்வரலாம் என்றார். பஸ்ஸில் நான் அவர் மடியில் சாய்ந்தேன். அத்தை இனி விழமாட்டாள் என்ற நிம்மதியில், பல நாட்களுக்குப் பிறகு, உடனே உறங்கிப்போனேன்.

ஊர் வந்ததும் அப்பா நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனார். எங்கள் வீடுவரை குரல் கேட்டது. "நான் வாக்குக் குடுத்துட்டேன்டா." பிறகு அப்பாவின் குரல், மிகத் தாழ்வாக: "அவ குடுக்கலையேண்ணே."

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. பெரியப்பாவும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு சைக்கிள் செயினுக்காகப் பெரியவர்கள் இவ்வளவு கோபித்துக்கொள்வார்களா என்று வியந்தேன். அப்பாவையும் அத்தையையும் தகப்பன் இல்லாத வீட்டில் வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா என்பதும், அப்பா அதுவரை ஒருநாளும் அவர் சொல்லை மறுத்ததில்லை என்பதும் எனக்குத் தெரிந்தவைதாம். தஞ்சாவூர்க் கடையில் அப்பா அத்தனை பொறுமையாகக் கண்ணிகளை எண்ணிக்கொண்டு நின்றது செயினின்மேல் இருந்த அக்கறையால் மட்டுமல்ல, வீடு திரும்பத் துணிவு சேரும்வரைதான் நின்றார் என்பதுதான் தெரியாது.

அத்தை பிறகு கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள். தான் சொன்ன வேளையில், தான் சொன்னவரை மணந்துகொண்டாள். அப்பா மஸ்கட்டை விட்டு வந்து சில ஆண்டுகள் வயலைப் பார்த்தார், பிறகு இறந்துபோனார். அண்ணன் தங்கை மூவரில் இப்போது இருப்பவர்கள் பெரியப்பாவும் அத்தையும்தான். பொங்கலுக்கு அத்தை வரும்போது அவர் எங்கள் வாசல்வரை வந்து நாற்காலியில் உட்காருகிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் தண்ணீர் வரத்தைப் பற்றி.