கோல்கம்பத்தடியில் ஒரு வெள்ளைக் கோட்டு

ஹேர்லிங் விளையாட்டில் கோல்கம்பத்தடியில் நிற்கிற வேலைக்கு நல்ல கண் வேண்டும், தோய்த்து மினுக்கிய வெள்ளைக் கோட்டு வேண்டும், எல்லாவற்றையும்விடத் தடித்த தோல் வேண்டும். சம்பளம் இல்லை. சாண்ட்விச்சும் தேத்தண்ணியும் உண்டு. கோயில் திருவிழாவில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போனவர்களும் பழைய மாணவர் சங்கத்தில் செயலாளராக இருந்து பேச்சு வாங்கினவர்களும் என் பாட்டை உடனே விளங்கிக்கொள்வீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். இது அயர்லாந்துக்காரரின் உயிர் விளையாட்டு. பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு தட்டை மட்டை, ஒரு சின்னக் கடும்பந்து. பந்து குறுக்குச் சட்டத்துக்குக் கீழே போனால் பச்சைக் கொடி, மூன்று புள்ளி. மேலே போனால் வெள்ளைக் கொடி, ஒரு புள்ளி. கம்பத்துக்கு வெளியே போனால் இரண்டு கையையும் விரிக்க வேண்டும், பிறகு ஏச்சு வாங்க வேண்டும். ஏசினவர்கள் இங்கிலீஷில்தான் ஏசினார்கள். நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

நாலாவது ஆள்

டெக்லன் பஸ் ஓட்டுநர். லண்டன் நோர்பரியில் எங்கள் சேர்ச் வாசலில் என்னோடு நின்று ஆட்களை வரவேற்பவர். ஞாயிறு பின்னேரங்களில் ஹேர்லிங் நடுவர். அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோல்கம்பத்துக்கு ஒருவராக நாலு பேரை நடுவரே கூட்டிக்கொண்டு வர வேண்டும். தம்பி, மச்சான், சினேகிதன் என்று ஆளாளுக்கு ஒரு செட் வைத்திருப்பார்கள். டெக்லனின் செட்டில் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் பூசை முடிந்ததும் என்னைப் பிடித்தார். லண்டனில் இருக்கிற ஒவ்வொரு அயர்லாந்துக்காரனுக்கும் ஒரு மாவட்டம் இருக்கிறதாம். யாரை நிறுத்தினாலும் அவன் தன் மாவட்டத்து ஆட்களுக்குக் கொடி தூக்குகிறான் என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். "உன்ர மாவட்டம் எது?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். என் தோளில் தட்டினார்.

"நல்லது. அவங்கள் இந்த முறை ஃபைனலுக்கு வரமாட்டாங்கள்."

கோட்டு

முதல் மட்சுக்கு முதல் நாள் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க அப்படியே வெளியே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணை வேலிக்கு மேலால் மேலும் கீழும் பார்த்தார். நான் விளங்கப்படுத்த வாய் திறக்க முன்னமே அவர் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டார்.

"இவ்வளவு காலமும் ஸ்டோர் கீப்பர் எண்டு சொல்லி எங்களைப் பேய்க்காட்டினனீர் என்ன? சரி, இந்த முழங்கால் நோவை ஒருக்காப் பாரும்."

விசாரணை

மைதானத்தில் தேத்தண்ணி மேசை பிரீடா அம்மாவுடையது. புது ஆளை அவர் விசாரிக்காமல் விடமாட்டார். எந்த ஊர்? மனிசியின் பக்கம் எந்த ஊர்? உங்கள் பாதிரியார் எந்த மாவட்டம்? எனக்கு இது புதிதில்லை. இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் தட்டில் ரோல்ஸ் வருவதற்குள் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆருடைய மகன் என்று எங்கள் ஆட்கள் வேர்வரை கிண்டிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை வைத்திருக்கிற இன்னொரு சனம் இந்த நகரத்தில் இருக்கிறது என்று அறிந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோசம். என் முதலாளியின் ஊரை மட்டும் அவர் கேட்க மறந்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை.

எதைக் கேட்டும் ஒரு அயர்லாந்து மாவட்டமும் அகப்படாத என்னை அவர் இரக்கத்தோடு பார்த்து ஒரு கேக் துண்டு கூடுதலாக வைத்தார்.

"ஒரு பக்கமும் இல்லாத மனுசனை இண்டைக்குத்தான் காணுறன். உனக்கு எப்படி நித்திரை வருது?"

முதலாளி

என் முதலாளி மார்ட்டின் திப்பரரி மாவட்டத்துக்காரர். குரோய்டனில் விசாக் கடிதம் கிடைத்த அடுத்த கிழமை, அரைகுறை இங்கிலீஷோடு வாசலில் நின்ற எனக்குத் தன் கட்டடக் கொம்பனி ஸ்டோரில் வேலை தந்தவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். போன வருடம் அவருடைய கிளப், நெடுங்காலத்துக்குப் பிறகு, லண்டன் ஃபைனலுக்கு வந்தது. எதிரணியில் பாதிப் பேர் கோர்க் மாவட்டம். ஹேர்லிங்கில் திப்பரரிக்கும் கோர்க்குக்கும் எப்போதும் ஆகாது. நடுவர் டெக்லன்.

சோறு தந்தவருக்கு எதிராகக் கை விரிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? இந்த முறை என்னை விட்டுவிடு என்று டெக்லனிடம் கெஞ்சினேன். மார்ட்டினுக்காகப் பொய்க்கொடி தூக்குவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

"அப்ப என்ன பிரச்சினை? கோட்டைத் தோய்ச்சுப்போட்டு வா."

ஒரு சாண்

பயந்ததுதான் நடந்தது. கடைசி நிமிடம், மார்ட்டினின் ஆட்கள் ஒரு புள்ளி பின்னுக்கு. அவர்களில் ஒருவன் தூரத்தில் நின்று ஓங்கி அடித்தான். பந்து கம்பத்தின் நுனியையும் தாண்டி உயர்ந்தது. நான் கம்பத்தடியில் அண்ணாந்து நின்றேன். என் பக்கக் கம்பம், என் தீர்ப்பு. மார்ட்டின் பக்கம் முழுக்க எழும்பிக் குதித்தது. வெள்ளைக் கொடியைத் தூக்கினால் சமநிலை. என் கை ஒருதரம் கொடிக்குப் போனது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் பந்து ஒரு சாண் வெளியேதான் போனது. இரண்டு கையையும் விரித்தேன். டெக்லன் கடைசி விசிலை ஊதினார்.

மார்ட்டின் கம்பி வேலிக்கு ஓடி வந்தார். முகம் சிவந்து, நரம்பு புடைத்திருந்தது. "எனக்கு முதலே தெரியும், நீ கோர்க்காரன்! போடா, உன்ர கோர்க்குக்கே திரும்பிப் போ!"

வீட்டுக்கு வந்ததும் மனிசி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டா. "ஆரும் ஊருக்குப் போகச் சொன்னவங்களோ?" என்று கேட்டா. பஸ்ஸிலும் கடையிலும் அதைக் கேட்டு நொந்தவர்கள் நாங்கள். ஓம், கோர்க்குக்கு என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எப்ப வெளிக்கிடுறம்?"

திங்கட்கிழமை

காலையில் வேலை இருக்குமோ என்ற பயத்தோடுதான் ஸ்டோரைத் திறந்தேன். மார்ட்டின் வந்தார். ஒரு பெட்டி ஆணி எடுத்தார். திரும்ப வைத்தார். பிறகு இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"வீடியோவில பாத்தனான். பந்து வெளியாலதான் போனது. ஆனால் நீ கோர்க்காரன்தான், அதில மாற்றமில்லை."

இந்த நகரத்தில் என்னை ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், ஆனால் ஒன்றேகால் மணித்தியால விமானத் தூரத்தில் எனக்கென்று ஒரு ஊரையும் பார்த்துக் கொடுத்துப் போகச் சொன்னவர் மார்ட்டின் மட்டும்தான்.